‘யாரைத் தெரியும்?’ என்று கேட்கும் வேலைகள்

அரசு வேலைக்கு அறிவிக்கை வருகிறது. எத்தனை இடம், என்ன தகுதி, எந்தப் பிரிவுக்கு எத்தனை, கடைசி நாள் எது என்று எல்லாம் அச்சில் இருக்கின்றன. பட்டியல் சாதியினருக்கு 18 விழுக்காடு, அதற்குள் அருந்ததியருக்கு 3 விழுக்காடு என்ற கணக்கும் அதில் இருக்கிறது. ஊர்க் கடைசியில் இருக்கும் சேரிப் பிள்ளையும் அதைப் படித்து விண்ணப்பிக்க முடியும். யாரையும் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

தனியார் வேலை அப்படி வருவதில்லை. அது பெரும்பாலும் ஒரு தொலைபேசி அழைப்பாக வருகிறது. “எங்க ஆபீஸ்ல ஆள் எடுக்கிறாங்க, உன் பையன் பயோடேட்டாவை அனுப்பு” என்று மாமா சொல்கிறார், சித்தப்பா சொல்கிறார், அப்பாவின் பழைய நண்பர் சொல்கிறார். இப்படி உள்ளே இருப்பவர் சொல்லி ஆள் எடுப்பதை ‘ரெஃபரல்’ என்கிறார்கள். நல்ல ஆளைச் சொல்லும் ஊழியருக்கு ஊக்கத்தொகை தரும் நிறுவனங்களும் உண்டு. சட்டப்படி இதில் குற்றம் இல்லை. ஆனால் அந்த அழைப்பு யார் வீட்டுக்குப் போகும்? உள்ளே ஏற்கெனவே இருப்பவரின் வீட்டுக்கு, அவர் தெருவுக்கு, அவர் சாதிக்குப் போகும். தலைமுறை தலைமுறையாக உள்ளே ஆளில்லாத நம் தெருவுக்கு அது எப்படி வந்து சேரும்?

பம்பாய் ஆலையிலிருந்து

இது இன்று தொடங்கிய கதை இல்லை. பம்பாய்ப் பருத்தி ஆலைகளில் ஆள் சேர்க்கும் பொறுப்பு ‘ஜாப்பர்’ எனப்பட்ட மேஸ்திரிகளிடம் இருந்தது. அவர்கள் தம் ஊரிலிருந்தும் உறவிலிருந்தும் ஆள் கொண்டுவந்தார்கள். தலித்துகள் ஆலைக்குள் வர முடிந்தது. ஆனால், கூலி அதிகம் கிடைத்த நெசவுப் பிரிவுக்குள் அவர்களை விடவில்லை. தறி நாடாவில் நூலைக் கோக்க வாயால் உறிஞ்ச வேண்டும். தலித்தின் வாய் பட்ட நாடாவைத் தொட மற்ற தொழிலாளர்கள் மறுத்தார்கள். 1928ஆம் ஆண்டு வேலைநிறுத்தத்தின்போது அம்பேத்கர் இதை வெளிப்படையாக எழுப்பினார். முதலாளியிடம் உரிமை கேட்கும் தொழிலாளி, பக்கத்தில் நிற்கும் தொழிலாளியின் உரிமையை ஏன் மறுக்கிறான் என்பதுதான் அதன் சாரம்.

இன்று தறி நாடாவை வாயால் உறிஞ்ச வேண்டியதில்லை. வாசலில் நிற்பவர் மட்டும் மாறவில்லை. 2005ஆம் ஆண்டு அக்டோபர் முதல் 66 வாரங்கள், சுக்தேவ் தோரட், பால் அட்வெல் ஆகிய ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். ஆங்கில நாளேடுகளில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை அனுப்பினார்கள். பெயர் மட்டும் வேறு. ஒன்றில் உயர்சாதிப் பெயர், ஒன்றில் தலித் பெயர், ஒன்றில் முஸ்லிம் பெயர். 548 விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் போயின. உயர்சாதிப் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பை 100 என்று வைத்தால், தலித் பெயருக்கு ஏறத்தாழ 67, முஸ்லிம் பெயருக்கு 33. நேர்காணலுக்கு முன்பே, முகத்தைப் பார்க்கும் முன்பே நடந்த கழித்தல் இது.

அதே காலத்தில் சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் 25 மனிதவள மேலாளர்களைச் சந்தித்துப் பேசினார்கள். ‘தகுதி மட்டுமே பார்க்கிறோம்’ என்று சொன்ன மேலாளர்கள், ‘குடும்பப் பின்னணி’யையும் கேட்டுத் தெரிந்துகொள்வதாகச் சொன்னார்கள். தகுதி என்ற சொல்லுக்குள் குடும்பம் எப்போது நுழைந்தது என்று யாரும் அவர்களைக் கேட்டதில்லை.

தமிழ்நாட்டில் பெயருக்குப் பின்னால் சாதி போடும் வழக்கம் ஒழிந்தது பெரியார் இயக்கத்தின் சாதனை. அதனால் இங்கே கேள்வி வேறு வடிவில் வருகிறது. “எந்த ஊர்?”, “ஊர்ல எந்தப் பக்கம்?”, “அப்பா என்ன பண்றார்?”, “குலதெய்வம் எது?” முகவரியில் ‘காலனி’ என்று இருந்தால் கேள்விகூடத் தேவைப்படாது. அரசு ஆவணங்களிலிருந்து அந்தச் சொல்லை நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதலமைச்சர் சட்டமன்றத்தில் அறிவித்தார். பயோடேட்டாவில் தெருப் பெயர் எழுத வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை என்பதை மாணவர்கள் தெரிந்துகொள்வது நல்லது. மாவட்டமும் தொலைபேசி எண்ணும் மின்னஞ்சலும் போதும்.

கேட்பது பிச்சை அல்ல

நம் பிள்ளைகளிடம் ஒரு தயக்கம் இருக்கிறது. தெரிந்தவர் ஒருவரிடம் போய் வேலை பற்றி விசாரிக்கச் சொன்னால், “போய்க் கெஞ்சச் சொல்றீங்களா?” என்கிறார்கள். அந்தக் கோபத்தின் வேர் ஆழமானது. அவர்களுடைய பாட்டனுக்குக் கேட்பது என்றால் ஆண்டையின் வாசலில் கைகட்டி நிற்பது. நெல் கேட்டாலும், கூலி கேட்டாலும், செத்தவருக்குப் புதைக்க இடம் கேட்டாலும் துண்டு இடுப்பில்தான் இருந்தது. அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளை கேட்பதையே இழிவாக நினைப்பது சுயமரியாதையின் ஒரு வடிவம். அதைக் கேலி செய்ய முடியாது.

ஆனால் ஒன்றைப் பார்க்க வேண்டும். மற்ற வீட்டுப் பிள்ளைகள் இதைக் கேட்பதாகவே நினைப்பதில்லை. அவர்களுக்கு அது கல்யாண வீட்டில் சாப்பிடும்போது நடக்கும் பேச்சு. நாம் கூச்சப்பட்டு நிற்கும் இடத்தில் அவர்கள் உரிமையோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

நெருங்கிய சொந்தம்தான் உதவ முடியும் என்பதும் இல்லை. அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர், தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம் அந்த ஆளை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று கேட்டார். ஆறில் ஒருவர்தான் அடிக்கடி என்றார். மற்றவர்களுக்கு எப்போதாவது பார்க்கும், அரிதாகவே பார்க்கும் ஆட்களிடமிருந்து தகவல் வந்திருந்தது. காரணம் எளிமையானது. நம் கூடவே இருப்பவருக்கு நமக்குத் தெரிந்ததுதான் தெரியும். தள்ளி இருப்பவருக்குத்தான் நமக்குத் தெரியாதது தெரியும்.

அப்படித் தள்ளி இருப்பவர்கள் நமக்கும் இருக்கிறார்கள். ஆதிதிராவிடர் நல விடுதியில் நமக்கு முன் தங்கிப் படித்தவர்கள், கல்லூரியில் இரண்டு ஆண்டு மூத்தவர்கள், பாடம் நடத்திய ஆசிரியர்கள், ஒரகடத்திலும் ஓசூரிலும் திருப்பூரிலும் வேலை பார்க்கும் ஊர்க்காரர்கள், இடஒதுக்கீட்டில் வேலை பெற்று நகரத்தில் குடியேறியவர்கள். அவர்களிடம் “அண்ணா, ஒரு வேலை வாங்கிக் கொடுங்க” என்று கேட்டால் அவர்களாலும் முடியாது, நமக்கும் தலை குனிகிறது. “அக்கா, உங்க கம்பெனியில எந்த மாசம் ஆள் எடுப்பாங்க? தேர்வில் என்ன கேட்பாங்க? என் பயோடேட்டாவைப் பார்த்துத் திருத்துவீங்களா?” என்று கேட்டால் பத்து நிமிடத்தில் பதில் கிடைக்கும். இடம் காலியாகும்போது அவர் நினைவுக்கு வருவதும் அந்தப் பெயர்தான்.

மூத்தவர்களுக்கும் ஒன்று. சமூகத்துக்குத் திருப்பிச் செலுத்துவது பற்றி நம் கூட்டங்களில் நிறையப் பேசுகிறோம். நன்கொடை தருகிறோம், நோட்டுப் புத்தகம் வாங்கித் தருகிறோம். உள்ளே இருப்பவர் ஒரு பெயரைச் சொல்வதற்குக் காசு செலவில்லை. ஆனால் பலர் சொல்வதில்லை. சொன்னால் தன் சாதி அலுவலகத்தில் தெரிந்துவிடும் என்ற அச்சம் அவர்களைத் தடுக்கிறது. அந்த அச்சம் நியாயமற்றது என்று சொல்ல மாட்டேன். வெளிப்படையாகச் சொல்ல முடியாதவர்கள், காலியிடம் இருக்கும் தகவலையாவது தம்பி தங்கைகளுக்கு அனுப்பலாம்.

பணம் கேட்டால் எழுந்து வாருங்கள்

ஆள் சேர்த்துத் தரும் ‘கன்சல்டன்சி’ நிறுவனங்களைப் பற்றி நம் பிள்ளைகளுக்குச் சரியாகச் சொல்லித் தருவார் இல்லை. முறையான நிறுவனம் ஆள் தேடும் கம்பெனியிடம்தான் கட்டணம் வாங்கும். வேலை தேடுகிறவரிடம் ‘பதிவுக் கட்டணம்’, ‘பயிற்சிக் கட்டணம்’, ‘டெபாசிட்’ என்று கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். அசல் சான்றிதழை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். சான்றிதழைப் பிடித்துவைத்துக்கொண்டு வேலை வாங்குவது பழைய கொத்தடிமை முறையின் புதிய வேடம்.

தொழிற்சாலை வேலை என்றால் மூன்று கேள்விகளைக் கேட்டுவிடுங்கள். நான் கம்பெனியின் ஆளா, கான்ட்ராக்டரின் ஆளா? பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டா? சம்பளம் யார் கணக்கிலிருந்து வரும்? மூன்று ஆண்டு முடிவில் மொத்தமாகப் பணம் தருவதாகத் தரகர்கள் சொன்ன ‘சுமங்கலித் திட்ட’த்தை நம்பி மேற்கு மாவட்ட நூற்பாலைகளுக்குப் போய் ஏமாந்த பெண்களில் நம் வீட்டுப் பெண்கள் ஏராளம்.

வெளிநாட்டு வேலை என்றால் 1983ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டப்படி பதிவு செய்த முகவரிடம் மட்டும் போக வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு 30,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் என்று உச்சவரம்பு உண்டு. ரசீது தர வேண்டும். மத்திய அரசின் ‘இமைக்ரேட்’ இணையதளத்தில் முகவரின் பதிவைச் சரிபார்க்கலாம். தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் நேரடியாக ஆள் அனுப்புகிறது.

உரிமைக்கு மாற்று இல்லை

தொடர்புகளை வளர்த்துக்கொள்ளச் சொல்வதால் கோரிக்கையைக் கைவிடச் சொல்வதாக யாரும் எண்ண வேண்டாம். 25 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனங்கள் காலியிடங்களை வேலைவாய்ப்பு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது 1959ஆம் ஆண்டுச் சட்டம். அங்கிருந்துதான் ஆள் எடுக்க வேண்டும் என்று அது கட்டாயப்படுத்தவில்லை. ஆனாலும் தெரிவிப்பதையாவது முறையாகச் செய்யவைத்தால், இன்று தொலைபேசியில் மட்டும் பரவும் தகவல் நம் தெருவுக்கும் வரும். தனியார் துறையில் இடஒதுக்கீடு என்ற கோரிக்கையோடு இதையும் மாவட்ட நிர்வாகத்திடம் வலியுறுத்த வேண்டும்.

அதுவரை நம்மால் செய்ய முடிந்தது ஒன்று இருக்கிறது. ஏப்ரல் 14 அன்று ஒவ்வொரு ஊரிலும் அம்பேத்கர் சிலைக்கு மாலை போடுகிறோம், பேனர் கட்டுகிறோம். அன்றைக்கே ஒரு நோட்டை எடுத்து, அந்தத் தெருவிலிருந்து வெளியே போய் வேலை பார்க்கும் ஒவ்வொருவரின் பெயரையும், வேலையையும், ஊரையும், அவர் சம்மதத்தோடு தொலைபேசி எண்ணையும் எழுதுங்கள். எதிர்ப்பக்கத்தில் படித்துவிட்டு வேலை தேடும் பிள்ளைகளின் பெயரை எழுதுங்கள். பொறுப்பைத் தெருவில் படித்த ஒரு பெண்ணிடம் கொடுங்கள். அடுத்த ஆண்டு அதே நாளில் நோட்டைத் திறந்து, எத்தனை பெயர் எதிர்ப்பக்கத்திலிருந்து முதல் பக்கத்துக்கு மாறியிருக்கிறது என்று கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள்.