படகேறிப் போன பிப்போ

வெனிஸில் கால்பந்து பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் படகில்தான் போகிறார்கள். சாந்த் எலெனா தீவில், காயலை ஒட்டி நிற்கிறது 1913இல் திறக்கப்பட்ட பென்சோ மைதானம். கால்பந்துக் கழகமான வெனிசியா 2015இல் திவாலாகி, நான்காம் பிரிவிலிருந்து மறுபடி தொடங்கி, ஒரு படி ஏறி மூன்றாம் பிரிவுக்கு வந்திருந்தது. 2016 கோடையில் அங்கே பயிற்சியாளராக வந்து சேர்ந்தவர் பிலிப்போ இன்சாகி.

இத்தாலி செல்லமாக 'பிப்போ' என்று கூப்பிடும் மனிதர். 2006 உலகக்கோப்பையை வென்ற அணியில் இருந்தவர். 2007இல் ஏதென்ஸில் நடந்த சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில் லிவர்பூலுக்கு எதிராக மிலான் அடித்த இரண்டு கோல்களும் அவருடையவை. நாலு பேரை ஏமாற்றிப் பந்தைக் கடத்திப்போகும் வித்தையெல்லாம் அவரிடம் கிடையாது. ஆஃப்சைட் கோட்டில் அரை அடி முன்னும் பின்னுமாக ஊசலாடிக்கொண்டே, தனக்கான அந்த ஒரு பந்துக்காகத் தொண்ணூறு நிமிடமும் காத்திருப்பார். வந்தால் விடமாட்டார்.

ஓய்வு பெற்றபின் மிலானின் இளையோர் அணிகளைப் பழக்கிக்கொண்டிருந்தவரை, 2014இல் முதன்மை அணிக்கே பயிற்சியாளராக்கினார்கள். அணி 10ஆம் இடத்தில் முடித்தது. ஒரே பருவத்தில் வேலை போயிற்று. அவ்வளவு பெயருள்ளவர் தொலைக்காட்சியில் உட்கார்ந்து விமர்சனம் சொல்லியே காலத்தை ஓட்டியிருக்கலாம். அவர் மூன்றாம் பிரிவுக்குப் போனார். அவருடைய வாழ்க்கையில் ஏதென்ஸ் இரவைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது இந்த முடிவுதான். முதல் ஆண்டிலேயே வெனிசியா தன் குழுவில் முதலிடம் பிடித்தது, மூன்றாம் பிரிவுக்கான கோப்பையையும் தூக்கியது. அடுத்த ஆண்டு இரண்டாம் பிரிவான சீரீ பி-யில் ஐந்தாம் இடம்.

அதைப் பார்த்து முதல் பிரிவிலிருந்து பொலோன்யா அழைத்தது. பாதிப் பருவம் தாண்டியதும் அனுப்பிவிட்டது. மறுபடி கீழே இறங்கி பெனவெந்தோவுக்குப் போனார். சூனியக்காரிகளின் கதைகளுக்குப் பேர்போன சிறு நகரம் அது. 2019-20இல் அவருடைய அணி 86 புள்ளிகளோடு சீரீ பி-யை வென்றது. ஏழு ஆட்டங்கள் மீதியிருக்கும்போதே முதல் பிரிவு உறுதியாகிவிட்டது. கொரோனா காலம், கொண்டாட வேண்டிய அந்த ஆட்டத்தில் இருக்கைகள் காலி. அடுத்த பருவத்தில் தம்பி சிமோனேயின் லாசியோவோடு 1-1, டூரினில் யுவென்டஸை வீழ்த்தி 1-0. இருந்தும் ஆண்டு முடிவில் பெனவெந்தோ கீழே இறங்கியது.

தம்பி பின்னர் இன்டர் மிலான் பயிற்சியாளராக லீக் பட்டம் வென்றார், இரண்டு முறை சாம்பியன்ஸ் லீக் இறுதி வரை போனார். அண்ணனை அவரோடு ஒப்பிட்டுத் தோற்றவர் என்று எழுதுவது எளிது. நான் அப்படி எழுதமாட்டேன். சீரீ பி-யில் 38 ஆட்டங்கள். நேராக மேலே போக இரண்டே இடங்கள். பெரிய நட்சத்திரங்களை வாங்கப் பெரும்பாலான கழகங்களிடம் காசு இருக்காது. அங்கே தேவைப்படுவது பொறுமை; கோட்டோரம் நின்று பந்துக்குக் காத்திருந்த அதே பொறுமை.

2024இல் பிப்போ, சீரீ பி-யில் இருந்த பிசாவுக்குப் போனார். முதல் பிரிவைப் பார்த்து 33 ஆண்டுகளாகிவிட்ட ஊர். 2025 மே 4 அன்று பாரியில் அவருடைய அணி 1-0 எனத் தோற்றது. ஆனால் அதே நாளில் பின்தொடர்ந்து வந்த ஸ்பெசியாவும் தோற்றுவிட, தோல்வியோடு தோல்வியாகவே பிசா மேலே ஏறியது. ஒரு தலைமுறை கேள்விப்பட்டு மட்டுமே இருந்த முதல் பிரிவான சீரீ ஆ அந்த ஊருக்குத் திரும்பியது.

பிசா சீரீ ஆ-வில் ஆடப்போன அந்தக் கோடையில் பிப்போ உடன் போகவில்லை. சிசிலித் தீவின் பலேர்மோவில் பொறுப்பேற்றார். அந்த அணியும் சீரீ பி-யில்தான் இருந்தது.