மார்க்கைக் காட்டுவதா? மறைப்பதா?

அமெரிக்க மாணவர்களுக்கு வந்த குழப்பம்

பரீட்சை எழுதியாகிவிட்டது. மார்க்கும் வந்துவிட்டது. ஆனால், அதைக் கல்லூரிக்கு அனுப்புவதா, வேண்டாமா என்று அப்பா, அம்மா, பிள்ளை மூவரும் உட்கார்ந்து யோசிக்கிறார்கள்!

இப்படியும் ஒரு நாடு உண்டா? உண்டு. அதுதான் அமெரிக்கா.

இரண்டு பரீட்சைகள்

அங்கே நாடு முழுவதற்கும் ஒரே பள்ளி இறுதிப் பரீட்சை கிடையாது. ஒரு பள்ளிக்கூடத்தில் தாராளமாக மார்க்குப் போடுவார்கள். இன்னொன்றில் கையை இறுக்கிப் போடுவார்கள். அப்படியானால், யார் கெட்டிக்காரர் என்று கல்லூரி எப்படிக் கண்டுபிடிப்பது?

அதற்காக வந்ததுதான் "எஸ்.ஏ.டி." என்ற பொதுப் பரீட்சை. 1926-ம் ஆண்டு ஜூன் 23-ந் தேதி அது முதன்முதலாக நடந்தது. சுமார் 8 ஆயிரம் பேர் எழுதினார்கள். 1959-ம் ஆண்டில், அதற்குப் போட்டியாக "ஏ.சி.டி." என்ற இன்னொரு பரீட்சையும் வந்தது.

எஸ்.ஏ.டி.யில் ஆங்கிலத்துக்கு 800, கணக்குக்கு 800, ஆக மொத்தம் 1,600 மார்க்கு. எல்லாவற்றையும் தப்பாக எழுதினாலும் 400 மார்க்கு உண்டு! ஏ.சி.டி.யில் அதிகபட்ச மார்க்கு 36.

கட்டாயம் போயிற்று

பணக்காரப் பிள்ளைகள் டியூஷன் வைத்துப் படிக்கிறார்கள். ஏழைப் பிள்ளைகளுக்கு அந்த வசதி இல்லை. இது இந்தப் பரீட்சைகளைப் பற்றி நெடுநாளாக உள்ள குறை. 1969-ம் ஆண்டிலேயே மெய்ன் மாநிலத்தில் உள்ள போடன் கல்லூரி, இஷ்டம் இருந்தால் மார்க்கை அனுப்பினால் போதும் என்று சொல்லிவிட்டது.

2020-ம் ஆண்டில் கொரோனா வந்தது. பரீட்சை நடத்த முடியவில்லை. பெரிய பெரிய கல்லூரிகளும் கட்டாயத்தை நீக்கின. கலிபோர்னியா சர்வகலாசாலையோ, மாணவர்களைச் சேர்க்கும்போது இந்த மார்க்கைப் பார்ப்பதே இல்லை என்று முடிவு செய்துவிட்டது.

ஏழைக்கு நஷ்டம்

கட்டாயம் போனதால் ஏழைகளுக்கு லாபம் என்றுதான் பலர் நினைத்தார்கள். டார்ட்மவுத் கல்லூரிப் பேராசிரியர்கள் இதை ஆராய்ந்தார்கள். வேறு விதமான உண்மை தெரிந்தது. வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள் பலர், தங்களுக்கு இடம் கிடைக்க உதவியிருக்கக்கூடிய மார்க்கையே மறைத்துவிட்டார்கள்!

ஏன் மறைத்தார்கள்? ஒரு பெண் 1,400 மார்க்கு வாங்கியதாக வைத்துக்கொள்வோம். அவளுடைய பள்ளிக்கூடத்தில் மற்றவர்கள் வாங்கியது சுமார் 1,000. அவள் சேர விரும்பும் கல்லூரியிலோ பெரும்பாலோர் 1,500-க்கு மேல் வாங்கியவர்கள். "ஐயோ, நம் மார்க்குக் குறைச்சல்" என்று பயந்து, அனுப்பாமல் விட்டுவிடுகிறாள். அவள் வீட்டில் கல்லூரிக்குப் போனவர் யாரும் இல்லை. யோசனை சொல்லவும் ஆள் இல்லை.

ஆனால், கல்லூரிக்காரர்கள் மார்க்கை மட்டும் பார்ப்பதில்லை. எந்தப் பள்ளிக்கூடம், எப்படிப்பட்ட சூழ்நிலை என்பதையும் பார்க்கிறார்கள். மற்றவர்கள் 1,000 வாங்கும் இடத்தில் ஒருத்தி 1,400 வாங்கினால், அது சாதாரணமா? அந்த மார்க்குதான் அவளுக்குச் சிபாரிசு. அதை அவளே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டாள்!

மீண்டும் கட்டாயம்

எம்.ஐ.டி. 2022-ம் ஆண்டில் மார்க்கை மீண்டும் கட்டாயமாக்கியது. டார்ட்மவுத், பிரவுன், ஹார்வர்டு, கால்டெக் ஆகியவை 2024-ம் ஆண்டில் அதே முடிவுக்கு வந்தன. ஆனாலும், இன்னும் ஏராளமான கல்லூரிகளில் அது மாணவரின் இஷ்டம்தான்.

என்ன செய்யலாம்?

தங்களிடம் சேர்ந்தவர்களில் நடுப் பாதிப்பேர் எத்தனை முதல் எத்தனை வரை மார்க்கு வாங்கினார்கள் என்பதைப் பல கல்லூரிகள் வெளியிடுகின்றன. நம் மார்க்கு அதற்குள் இருந்தால் தயங்காமல் அனுப்பலாம். கொஞ்சம் கீழே இருந்தால், தன் பள்ளிக்கூடத்து மார்க்கோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஆசிரியரையும் கேட்டு முடிவு செய்ய வேண்டும்.

பரீட்சையை மறுபடியும் எழுதலாம். பல கல்லூரிகள், ஒரு தடவை வாங்கிய கணக்கு மார்க்கையும், இன்னொரு தடவை வாங்கிய ஆங்கில மார்க்கையும் சேர்த்து, உயர்ந்ததை எடுத்துக்கொள்கின்றன. அந்த நாட்டு ஏழை மாணவர்கள் பணம் கட்டாமலே எஸ்.ஏ.டி. எழுதச் சலுகையும் உண்டு.

நம் ஊரிலிருந்து அங்கே படிக்கப் போக நினைக்கும் பிள்ளைகளும் இதைக் கவனிக்க வேண்டும். கல்லூரிக்குக் கல்லூரி விதி வேறு. வருஷத்துக்கு வருஷம் அது மாறவும் செய்கிறது. விண்ணப்பம் போடும் வருஷத்து விதியைக் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

கஷ்டப்பட்டு வாங்கிய மார்க்கை, வெட்கப்பட்டு மறைக்க வேண்டாம். அதன் மதிப்பைத் தெரிந்தவரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்!