தலை தீபாவளிச் சேலைக்கு பில் எங்கே?

ஆவணி முகூர்த்தம் தொடங்கிவிட்டால் காஞ்சிபுரம் காந்தி சாலையில் கால் வைக்க இடமிருக்காது. வேன் வேனாகக் குடும்பங்கள் வந்து இறங்கும். காமாட்சியம்மனுக்கு ஒரு கும்பிடு, ஏகாம்பரநாதருக்கு ஒரு சுற்று, கையில் ஒரு துண்டு கோவில் இட்லி, அதன் பிறகு பட்டுக்கடை. பெண்ணுக்குத் தலை தீபாவளி என்றால் அம்மா, அத்தை, சித்தி, நாத்தனார் என்று ஒரு படையே பாயில் உட்கார்ந்துவிடும். மாம்பழ மஞ்சளா, அரக்கா என்று தீர்மானிக்கவே அரைநாள் ஓடும். சந்தோஷமான அரைநாள்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

சண்டை தீபாவளிக்கு மறுவாரம் வருகிறது. சம்பந்தி வீட்டில் யாரோ ஒருவர் முந்தியைத் தடவிப் பார்த்து, "இது பட்டு மாதிரியே தெரியலையே" என்று ஒரு வார்த்தை விடுகிறார். 18,000 ரூபாய் கொடுத்து வாங்கினோம் என்று பெண் வீட்டார் சத்தியம் செய்கிறார்கள். "அப்படியா, பில் எங்கே?" என்று கேட்டால் பதில் இல்லை. "பில் போட்டா வரி சேரும்னு சொன்னாங்க, அதான் வேணாம்னுட்டோம்." பட்டுச் சேலைக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். 18,000-க்கு 900 ரூபாய். அந்த 900-ஐ மிச்சம் பிடித்த வீட்டில் மருமகள் அதே சேலையை அடுத்த ஆறு மாதம் பீரோவை விட்டு எடுப்பதில்லை. மாமியாரும் அதை மறப்பதில்லை. வருடா வருடம் இதே கதை, வேறு வேறு வீடுகளில். கேட்டுக் கேட்டு எனக்குச் சலித்துவிட்டது.

சேலையைப் பற்றிக் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. நூல் பட்டா? ஜரிகை அசலா? நெய்தது கைத்தறியா? மூன்றும் தனித்தனி. ஒன்றுக்குக் கிடைத்த பதிலை வைத்து மற்ற இரண்டையும் நம்புவதில்தான் முக்கால்வாசிப் பேர் ஏமாறுகிறார்கள்.

சில்க் மார்க் என்ற பட்டாம்பூச்சி முத்திரையை மத்திய பட்டு வாரியத்தின் கீழ் இயங்கும் அமைப்பு 2004 முதல் தருகிறது. ஹாலோகிராமும் தனி எண்ணும் உள்ள அட்டை அது. நூல் தூய பட்டு என்பதற்கு மட்டுமே அது சாட்சி. ஜரிகையைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது. விசைத்தறியில் நெய்த தூய பட்டுக்கும் அந்த முத்திரை கிடைக்கும். கைத்தறி என்பதற்கு 2006-ல் வந்த கைத்தறி முத்திரையைப் பார்க்க வேண்டும். காஞ்சிபுரம் என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. அந்தப் பெயரைப் பொய்யாகப் போட்டு விற்றால் 6 மாதம் முதல் 3 வருடம் வரை சிறை என்று 1999-ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. "சில்க் மார்க் இருக்கு சார்" என்று விற்பனையாளர் சொன்னால், "சரி, ஜரிகை?" என்று அடுத்த கேள்வியைக் கேளுங்கள். கேட்கத் தயங்காதீர்கள். காசு உங்களுடையது.

ஜரிகைக்கு ஒரு கணக்கு சொல்கிறேன். காஞ்சிபுரத்திலேயே இருக்கும் அரசு நிறுவனமான தமிழ்நாடு ஜரிகை நிறுவனத்தின் அசல் ஜரிகையில் வெள்ளி 40 சதவீதம், செம்பு 35.5, பட்டு நூல் 24, தங்கம் 0.5. ஜரிகையை மார்க் கணக்கில் எடை போடுவார்கள். ஒரு மார்க் சுமார் 240 கிராம். ஒரு மார்க் ஜரிகை இறங்கிய சேலையில் ஏறக்குறைய 96 கிராம் வெள்ளி இருக்க வேண்டும். 2025 தீபாவளி நேரத்தில் வெள்ளி கிலோ ஒன்றரை லட்சத்தைத் தாண்டியிருந்தது. கிராம் 150 ரூபாய் என்று வைத்தாலும் வெள்ளிக்கு மட்டும் 14,400 ரூபாய். பட்டு நூல் விலை, நெசவாளர் கூலி, கடை வாடகை எல்லாம் அதற்கு மேலே. முந்தி முழுக்க ஜரிகை ஜொலிக்கும் சேலையை, "அசல் ஜரிகை, ஆஃபர்ல ஆறாயிரம்" என்று யாராவது நீட்டினால் இந்தக் கணக்கை மனதில் ஓட்டிப் பாருங்கள். பாலியஸ்டர் நூலில் செம்பு சுற்றிய ஜரிகை போட்ட சேலையை விற்பது குற்றமில்லை. அதை அதுவென்றே சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்கட்டும். அசல் என்று சொல்லி விற்பதுதான் மோசடி.

"கனமா இருக்கு, அதனால நல்ல பட்டு" என்பது பாட்டி காலத்துச் சோதனை. போலிக்காரர்களுக்கும் அது தெரியும், எடையைக் கூட்டத் தெரியாதவர்கள் இல்லை அவர்கள். நூலை எரித்துப் பார்ப்பது ஓரளவு உதவும். முந்திக் குஞ்சத்திலிருந்து ஓர் இழையை எடுத்துக் கொளுத்தினால், பட்டு முடி கருகிய நாற்றம் அடித்து, விரலில் நசுங்கும் சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாக உறையும். கலப்பு நூலில் இந்தச் சோதனையும் ஏமாற்றும். ஜரிகையைச் சேதப்படுத்தாமல் எந்திரத்தில் வைத்து உலோக விகிதம் பார்க்கும் வசதி தமிழ்நாடு ஜரிகை நிறுவனத்திலும் கூட்டுறவுச் சங்கங்கள் சிலவற்றிலும் உண்டு. வாங்கிய கையோடு அங்கே ஒரு நடை போய்விட்டு ஊருக்குக் கிளம்புங்கள். வேன்காரர் அவசரப்படுத்துவார். படுத்தட்டும்.

கோவில் வாசலிலேயே, "நெசவாளர் வீட்டுக்கே கூட்டிட்டுப் போறேன், கடை விலையில பாதி" என்று ஒட்டிக்கொள்ளும் ஆட்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அவர்கள் அழைத்துப் போகும் வீட்டு முன்னறையில் ஒரு தறி கிடக்கும், காட்சிக்கு. அதில் பாவு ஏறி எத்தனை மாதம் ஆனதோ! காஞ்சிபுரத்து நெசவாளர் பகுதியான பிள்ளையார்பாளையத்தில் நிஜமாகவே நெய்கிறவர் கூட்டுறவுச் சங்கத்துக்கோ மாஸ்டர் வீவருக்கோ கூலிக்கு நெய்கிறார். தெருவில் ஆள் பிடித்து விற்க அவரிடம் சரக்கும் இல்லை, நேரமும் இல்லை. இப்படி வாங்கும் சேலையின் விலையில் அழைத்து வந்தவருக்கும் ஒரு பங்கு போகிறது. பில்லோ கண்டிப்பாகக் கிடைக்காது.

ஆகவே, பில். மறுபடியும் சொல்கிறேன், பில். "எஸ்டிமேட்" என்று அச்சடித்த துண்டுச் சீட்டு பில் ஆகாது. கடையின் பெயர், முகவரி, 15 இலக்க ஜி.எஸ்.டி. எண் இருக்க வேண்டும்; தமிழ்நாட்டுக் கடை என்றால் அது 33-ல் தொடங்கும். பொருள் விவரத்தில் "சேலை - 1" என்று மட்டும் எழுதினால் விடாதீர்கள். "தூய பட்டு, கைத்தறி, அசல் ஜரிகை" என்று எழுதச் சொல்லுங்கள். வாயால் சத்தியம் செய்த விற்பனையாளர் பேனாவால் எழுதத் தயங்கினால் உங்களுக்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்டது. சேலை அட்டையில் இருக்கும் எண்ணையும் பில்லில் ஏற்றச் சொல்லுங்கள். பில்லில் எச்.எஸ்.என். என்ற எண் இருந்தால் அதையும் பாருங்கள்: பட்டுத் துணிக்கு 5007, செயற்கை இழைத் துணிக்கு 5407. உங்களிடம் பட்டு என்று சொல்லி விற்றவர் அரசாங்கத்திடம் 5407 என்று கணக்குக் காட்டுகிறார் என்றால் அதைவிடச் சாட்சி வேண்டுமா? சின்னக் கடைகளின் பில்லில் அந்த எண் இல்லாமலும் இருக்கலாம். பணத்தைக் கைபேசி வழியாகவோ கார்டிலோ கொடுங்கள். ரொக்கமாகக் கொடுத்தால் தடயம் இருக்காது.

பில் தர மறுப்பதே முறையற்ற வணிகம் என்று 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது" என்ற பலகைக்கு அந்தச் சட்டத்தின் முன்னால் மதிப்பில்லை. குறையுள்ள பொருளை, பில்லில் குறித்த கெடுவுக்குள், கெடு இல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப எடுக்க மறுப்பதும் முறையற்ற வணிகம்தான்.

சேலையில் சந்தேகம் வந்துவிட்டது. இப்போது என்ன செய்வது? முதலில், செய்யக்கூடாதவை. ஃபால்ஸ் வைக்காதீர்கள், பிளவுஸ் பிட்டை வெட்டாதீர்கள், குஞ்சம் கட்டக் கொடுக்காதீர்கள், நனைக்காதீர்கள், அட்டையைப் பிய்க்காதீர்கள். இவற்றில் ஒன்றைச் செய்தாலும் "இது எங்க கடைச் சேலையே இல்லை" என்று சொல்ல கடைக்கு வழி கிடைத்துவிடும். அட்டையும் எண்ணும் தெரிய, பில்லைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். கடைக்காரரோடு போனில் கத்தாதீர்கள். வாட்ஸ்அப்பில் எழுத்தாகக் கேளுங்கள்.

பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். தமிழிலும் பேசலாம். பல கடைகள் இந்தக் கட்டத்திலேயே இறங்கி வந்துவிடும். வராவிட்டால், என்ன வாங்கினீர்கள், என்ன குறை, என்ன வேண்டும், எத்தனை நாளில் வேண்டும் என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கடைக்கு அனுப்புங்கள். பழைய பதிவுத் தபால் 2025 செப்டம்பர் 1 முதல் விரைவுத் தபாலோடு சேர்ந்துவிட்டது. தபால் நிலையத்தில் விரைவுத் தபாலுக்குப் "பதிவு" என்ற கூடுதல் சேவையைக் கேட்டு வாங்கி, ரசீதையும் கடை பெற்றுக்கொண்டதற்கான ஆதாரத்தையும் பத்திரப்படுத்துங்கள். கூரியரில் போட்டுவிட்டு ரசீதைத் தொலைப்பவர்களை என்ன சொல்வது!

அடுத்தது மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். காஞ்சிபுரத்தில் வாங்கியதால் காஞ்சிபுரத்துக்கு அலைய வேண்டும் என்று பயந்தே பலர் விட்டுவிடுகிறார்கள். தேவையே இல்லை. புதிய சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ உள்ள ஆணையத்தில் வழக்குப் போடலாம். திருநெல்வேலிக்காரர் திருநெல்வேலியில் போடட்டும். கொடுத்த விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது. வக்கீல் கட்டாயமில்லை. மனுவில் உங்கள் பெயர், முகவரி, கடையின் பெயர், முகவரி, நடந்தது தேதிவாரியாக, கேட்கும் பரிகாரம். கூடவே பில், பணம் போன ஆதாரம், படங்கள், அனுப்பிய கடிதம், சொன்னதெல்லாம் உண்மை என்று ஒரு பிரமாண வாக்குமூலம். இ-ஜாக்ரிதி இணையதளத்தில் வீட்டிலிருந்தே பதியலாம். சேலையை ஆய்வகத்துக்கு அனுப்ப ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. ஆய்வுச் செலவை முதலில் நீங்கள்தான் கட்ட வேண்டியிருக்கும். ஆய்வு தேவைப்படாத வழக்கை 3 மாதத்தில், தேவைப்படும் வழக்கை 5 மாதத்தில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் வாய்தா வாய்தாவாக நீளும்போது அந்த மாதக் கணக்கைச் சட்டப் புத்தகத்தில் மட்டுமே பார்க்க முடிகிறது. ஆனாலும் போடுங்கள். நோட்டீஸ் போனதுமே சமாதானத்துக்கு வரும் கடைகளும் உண்டு.

விசைத்தறியில் நெய்ததைக் கைத்தறி என்று விற்றால் கைத்தறித் துறை அலுவலகத்துக்கும் ஒரு புகார் எழுதுங்கள். கரை போட்ட பட்டுச் சேலையைக் கைத்தறிக்கென்று ஒதுக்கியது 1985-ஆம் ஆண்டுச் சட்டம். மீறினால் 6 மாதம் வரை சிறை அல்லது ஒரு தறிக்கு 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அபராதம் மட்டும் விதித்தால், ஒரு சேலையின் விலைகூட அதில் தேறாது. இதைக் கண்டு எந்த முதலாளி நடுங்குவார்? நெசவாளர் சங்கங்கள் வருடக்கணக்கில் கத்துகின்றன. துறை எப்போதாவது ஒரு சோதனை போட்டுவிட்டுப் பத்திரிகைக்குப் படம் கொடுக்கிறது.

சேலையைவிட மோசமாகக் குடும்பத்தைப் பிளப்பது தீபாவளிச் சீட்டு. மாதம் 500, 1,000 என்று கட்டினால் பண்டிகைக்கு முன்பு பட்டாசு, ஸ்வீட், வெள்ளிக் குத்துவிளக்கு, கிராம் தங்கம் தருவார்களாம். வசூலிக்க வருபவர் யாரோ அந்நியர் என்றால் நாம் யோசிப்போம். வருவது சித்தி, ஒன்றுவிட்ட அண்ணி, எதிர்வீட்டு அக்கா. அவர்களுக்கு ஆள் ஒன்றுக்கு இவ்வளவு என்று கமிஷன். ஐப்பசி பிறந்ததும் நடத்துபவரின் கைபேசி அணைந்துவிடும். தெருவே திரண்டு சித்தி வீட்டு வாசலில் நிற்கும். பெரிய அளவிலும் இதே மாதிரி நடந்தது: மாதம் 25, 30 சதவீதம் வட்டி தருவதாகச் சொன்ன ஆருத்ரா கோல்டு டிரேடிங் நிறுவனத்தின் விவகாரம் 2022 மே மாதச் சோதனையில் வெடித்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களிடம் 2,438 கோடி ரூபாய் வாங்கியதாகப் பொருளாதாரக் குற்றப்பிரிவு சொல்கிறது. அதற்குப் பிறகும் சீட்டு அட்டையோடு வீடு வீடாக வருகிறார்கள், நாமும் கட்டுகிறோம்!

சீட்டு நடத்துபவரிடம் பதிவுத் துறையின் சீட்டுப் பதிவாளர் கொடுத்த பதிவு எண்ணைக் கேளுங்கள். இல்லையென்றால் ஒரு பைசாவும் கொடுக்காதீர்கள். தவணையில் சேமித்துத் துணி வாங்கத்தான் ஆசை என்றால் கோ-ஆப்டெக்ஸிலேயே மாதச் சேமிப்புத் திட்டம் உண்டு. ஏற்கெனவே கட்டி ஏமாந்திருந்தால் உள்ளூர்க் காவல் நிலையத்தில் பஞ்சாயத்து பேசி நாளை ஓட்டாமல் மாவட்டப் பொருளாதாரக் குற்றப்பிரிவுக்குப் போங்கள். சீட்டு அட்டை, பணம் அனுப்பிய திரைப்பதிவு, வங்கிக் கணக்கு அறிக்கை, வாட்ஸ்அப் குழுவில் வந்த விளம்பரம் எல்லாவற்றுக்கும் நகல் எடுத்து, ஒவ்வொருவரும் தனித்தனியாகப் புகார் கொடுங்கள். தெருவுக்கு ஒரே மனு என்று கொடுத்தால் யார் எவ்வளவு கட்டினார் என்பதே தகராறாகிவிடும்.

வசூலுக்குப் போகும் சித்திகளுக்கும் ஒரு வார்த்தை. நெறிப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் 2019-ஆம் ஆண்டுச் சட்டத்தில், இப்படிப்பட்ட திட்டத்துக்கு ஆள் சேர்ப்பதும் குற்றம். ஒரு வருடம் முதல் 5 வருடம் வரை சிறை. "எனக்கு ஒண்ணும் தெரியாது, நானும் ஏமாந்தேன்" என்று நீதிமன்றத்தில் சொல்லலாம். கேட்பார்களா என்பது வேறு.

கடைசியாக, மறுபடியும் சேலைக்கே வருகிறேன். நுகர்வோர் வழக்குக்குக் கெடு 2 வருடம். போன தீபாவளிக்கு வாங்கிய சேலை பீரோவில் கிடந்தால், பில்லும் இருந்தால், மனுவை இந்த வாரமே எழுதுங்கள்.