துருவேறிய விளக்கைத் துலக்குதல்

அழுத்த விளக்கு என்று நூல்கள் கூறுவதை நம் மக்கள் பெட்ரோமாக்ஸ் என்றே அழைப்பர். ஜெர்மனியில் பெர்லின் நகரத்துத் தொழிற்சாலையொன்று இட்ட வாணிகப் பெயர், காலப்போக்கில் அவ்வகை விளக்குகள் அனைத்திற்கும் பொதுப்பெயராயிற்று. திருமண ஊர்வலத்திலும் தெருக்கூத்துக் களத்திலும் ஒளி வீசிய இவ்விளக்கு, ஊருக்கு மின்சாரம் வந்தபின் பரணேறிவிட்டது.

எனினும் அதன் தேவை முற்றும் ஒழிந்துவிடவில்லை. 2018ஆம் ஆண்டு நவம்பர் மாதம் கஜா புயல் காவிரிப் படுகை மாவட்டங்களைத் தாக்கியபொழுது, பல ஊர்கள் நாட்கணக்கிலும், சில ஊர்கள் வாரக்கணக்கிலும் மின்சாரமின்றி இருந்தன. அத்தகைய வேளைகளில் பரணை அண்ணாந்து பார்க்கத் தோன்றுவது இயல்பே. ஆனால் நேயர்களே, பல்லாண்டு கிடந்த விளக்கை இறக்கிய அன்றே ஏற்றிவிடலாகாது. அதன் காரணத்தையும், அதைச் செம்மை செய்யும் முறையையும் இங்கே காண்போம்.

முதலில் விளக்கு எரியும் விதத்தை அறிதல் வேண்டும். அடியிலுள்ள தொட்டியில் மண்ணெண்ணெய் முக்கால் அளவு இருக்கும். பம்பினால் காற்றை அடைத்தால், அக்காற்று எண்ணெயை அழுத்தி நடுக்குழாய் வழியே மேலே ஏற்றும். சூடேறிய ஆவிக்குழாயில் எண்ணெய் ஆவியாகும். அவ்வாவி நிப்பிள் எனப்படும் ஊசித்துளை வழியே விரைந்து வெளிப்பட்டு, காற்றுடன் கலந்து, மேண்டில் என்னும் வலையினுள் எரியும். ஆகவே இது வெறும் விளக்கன்று. எரியெண்ணெயை அழுத்தத்தில் அடைத்து வைத்திருக்கும் கலம். தொட்டி வலுவிழந்திருந்தால் விளக்கே தீவிபத்தாகிவிடும். எனவே பழுது பார்ப்போர் வெளிப்பூச்சின் மினுமினுப்பில் மயங்காது, எண்ணெய் செல்லும் வழியைப் பின்பற்றியே செல்லுதல் நலம்.

அவ்வழியில் முதலாவது தொட்டி. காற்றுத் திருகைத் தளர்த்தி, பழைய எண்ணெயை வடித்துவிடுங்கள். தொட்டி பித்தளையாயின், புது மண்ணெண்ணெய் விட்டுக் குலுக்கிப் பலமுறை கழுவினால் போதும். வெளியே புளியிட்டுத் துலக்கலாம். இரும்பாயின், உள்ளே வினிகர் நிரப்பி ஓரிரவு வைத்து, நன்கு கழுவி, வெயிலில் உலர்த்தி, ஈரம் போனவுடன் சிறிது மண்ணெண்ணெய் விட்டுச் சுழற்ற வேண்டும். வினிகர் துருவைக் கரைக்கையில், துருவே அடைத்துக்கொண்டிருந்த ஊசித்துளைகள் வெளிப்படுவதுண்டு. அதற்காக வருந்த வேண்டா. விளக்கு எரியும்போது வெளிப்படுவதினும் இப்பொழுது வெளிப்படுவது நன்று.

இரண்டாவது பம்பு. அதன் தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருக்கும். எண்ணெயில் ஊறவைத்து, விரலால் விளிம்பை விரித்துவிட்டால் பெரும்பாலும் உயிர் பெறும். இல்லையேல் புதிது மாற்றுக. பம்பின் அடியில், உட்சென்ற காற்றைத் திரும்ப விடாத வால்வு ஒன்றுண்டு. அடித்தபின் பம்பின் கைப்பிடி தானாகவே மேலெழுமாயின், அவ்வால்வு பழுது என்று அறிக.

இனிச் சோதனை. தொட்டியில் எண்ணெய் விடாமல், எரிவழியை மூடி, காற்றை மட்டும் மிதமாக அடித்து, இணைப்புகளிலும் தொட்டியின் அடிப்புறத்திலும் சோப்பு நீரைத் தடவுக. குமிழி எழும் இடமே கசியும் இடம். அரை மணி நேரத்தில் அழுத்தமானியின் முள் இறங்காதிருத்தல் வேண்டும். வாஷரில் கசிந்தால் மாற்றலாம். தொட்டியின் உடலே அரித்து மெலிந்திருந்தால் பற்றாசு வைத்து ஒட்டி ஏமாறுதல் கூடாது. அவ்விளக்கு இனிக் கூடத்தில் வைத்துப் போற்றத்தக்க நினைவுப் பொருளேயன்றி ஏற்றத்தக்க விளக்கன்று. இத்தீர்ப்பைக் கூறும் மனவுறுதியே இத்தொழிலின் முதற்பாடம்.

சோதனையில் தேறிய விளக்கிற்கு, ஆவிக்குழாயின் கரியை நீக்கி, நிப்பிளைத் தூய்மை செய்க. துளையை அகலப்படுத்திவிடாமல், அதற்குரிய ஊசியையே பயன்படுத்த வேண்டும்.

இனி மேண்டில். ஆஸ்திரிய வேதியியலறிஞர் கார்ல் அவுவர் 1885இல் இதற்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் 99 பங்கு தோரியம் ஆக்சைடும் 1 பங்கு சீரியம் ஆக்சைடும் கொண்ட கலவையைக் கண்டார். அத்தோரியத்தைத் தரும் மோனசைட் மணல், கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் கிடைக்கிறது. 1909இல் ஷோம்பெர்க் என்னும் ஜெர்மானியர் அதைக் கண்டறிந்தார். பெர்லினில் பிறந்த விளக்குக்கும் நம் கடற்கரை மணலுக்கும் உள்ள உறவு இது. நூல்வலை முதன்முறை எரிந்ததும் ஆக்சைடுக் கூடு மட்டுமே எஞ்சும், தொட்டால் உதிரும். தோரியம் சிறிது கதிரியக்கம் உடையது. ஆதலால் அச்சாம்பலை ஊதாமல் அகற்றிக் கை கழுவுக. தோரியம் கலவாத வலைகளும் இன்று கிடைக்கின்றன.

ஏற்றும் முறை எளிது. வெட்டவெளியில் வைத்து, காற்றுத் திருகைத் திறந்த நிலையில் கிண்ணத்தில் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்துக. அது அணையும் தறுவாயில் திருகை மூடிப் பம்பு அடிக்க, வலை வெண்ணிறமாய் ஒளிரும். மஞ்சள் சுவாலை எழுந்தால் சூடு போதவில்லை என்று பொருள். உடனே காற்றைத் திறந்துவிட்டு மீண்டும் தொடங்குக. பெட்ரோலை ஒருபோதும் ஊற்றாதீர்கள். எரியும் விளக்கில் எண்ணெய் நிரப்பாதீர்கள். அடைத்த அறையில் எரிய விடாதீர்கள், நச்சுவாயு சேரும்.

பழம்பொருளைப் போற்றுதல் என்பது அதன் துருவைத் தேய்ப்பது மட்டுமன்று. அதன் உள்ளியல்பை அறிந்து, அதனால் இயலுவதையும் இயலாததையும் பிரித்துணர்தலாகும். அவ்வறிவோடு ஏற்றப்படும் விளக்கே வீட்டிற்கு ஒளி தரும்.