உங்களுக்குத் தெரியுமா? ஓர் இருமலும் வலியைக் குறைக்கும்!

கருப்பை வாயிலிருந்து பரிசோதனைக்குத் துளித் திசு எடுக்கும்போது, "பலமா இருமுங்கம்மா" என்று சில மருத்துவர்கள் சொல்வார்கள். இருமும் அந்தக் கணத்தில் கிள்ளல் முடிந்துவிடும். மரத்துப்போகச் செய்யும் ஊசியோடு ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வில், இருமலும் வலியைக் கிட்டத்தட்ட அதே அளவில் வைத்திருந்தது. நேரமும் மிச்சம்!

கருப்பையின் உட்சுவரிலிருந்து திசு எடுப்பது வேறு கதை. 'பைப்பெல்' என்ற, சுமார் 3 மில்லிமீட்டர் தடிமனுள்ள வளையும் பிளாஸ்டிக் குழாய் உள்ளே போய்த் திசுவை உறிஞ்சி எடுக்கும். சில நிமிட வேலைதான். ஆனாலும் மாதவிடாய் வலிபோல அடிவயிற்றைச் சுருட்டிப் பிடிக்கும். கருப்பை வாயின் வலி ஒரு நரம்புப் பாதையிலும், மேற்பகுதியின் வலி இன்னொரு பாதையிலும் செல்வதால், வாயருகே போடும், மரத்துப்போகச் செய்யும் லிக்னோகெய்ன் ஊசி மட்டும் முழு நிவாரணம் தருவதில்லை. எனவே அரைமணி முதல் ஒருமணி நேரத்துக்கு முன்பே ஐபுப்ரோஃபென் போன்ற மாத்திரை கொடுப்பதுண்டு. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

"சின்ன வலிதான், பொறுத்துக்கோங்க" என்பது போதாது. அமெரிக்க மகப்பேறு, மகளிர் மருத்துவர்கள் அமைப்பு 2025 மே மாதம் வெளியிட்ட வழிகாட்டுதல், வலி தணிக்கும் வழிகளை நோயாளியிடம் முன்கூட்டியே பேசி, அவற்றை வழங்க வேண்டும் என்கிறது.