இறங்கும் எடையை எப்போது நம்பலாம்?

இந்தியர்களின் எடைக் கணக்கு தயாராவது மும்பையின் கோவண்டியில்தான். தேசிய குடும்பநல ஆய்வை முன்னின்று நடத்தும் பன்னாட்டு மக்கள்தொகை அறிவியல் நிறுவனம் கோவண்டி ஸ்டேஷன் ரோட்டில்தான் இருக்கிறது. 2019-21 ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்தியப் பெண்களில் 24 சதவீதம் பேருக்கு எடை அதிகம். தமிழ்நாட்டில் இது 40.4 சதவீதம். அதற்கு முந்தைய ஆய்வில் தமிழ்நாட்டின் கணக்கு 30.9 ஆக இருந்தது. அந்த நிறுவனத்திலிருந்து சற்றுத் தள்ளிப் போனால் சிவாஜி நகர், பைங்கன்வாடி. மும்பையில் காசநோய் மிகுந்த பகுதிகளைச் சொல்லச் சொன்னால் முதலில் வரும் பெயர்கள் இவை. எடை கூடியதற்காகக் கவலைப்படும் வீடும், எடை குறைந்தால் பயப்பட வேண்டிய வீடும் இங்கே பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. ஆகவே கோவண்டியில் எடை பார்ப்பதைப் பற்றிப் பேசுவதென்றால் இரண்டையும் சேர்த்தே பேச வேண்டும்.

உடம்பைக் குறைக்க முனைகிறவர்கள் முதலில் கேட்பது, எடையைத் தினமும் பார்க்கலாமா, வாரம் ஒருமுறை போதுமா என்பது. வாரம் ஒருமுறையாவது கட்டாயம் பாருங்கள். எண்ணைப் பார்த்து மனம் கலங்காது என்றால் தினமும் பார்க்கலாம். எடையைக் குறைத்து, குறைத்ததைக் காப்பாற்றியும் வருகிறவர்களின் பதிவேடு ஒன்றை அமெரிக்காவில் 1994 முதல் வைத்திருக்கிறார்கள். அதில் இருப்பவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பேர் வாரத்துக்கு ஒருமுறையாவது எடை பார்ப்பவர்கள். மெஷினில் ஏறி நின்றால் மட்டும் எடை இறங்கிவிடாது. ஆனால் ஏறத் தொடங்கும் எடை அரைக் கிலோவிலேயே கண்ணில் படும். ஐந்து கிலோ ஏறிய பிறகு திகைக்க வேண்டியிருக்காது.

எத்தனை முறை என்பதைவிட, ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி பார்ப்பதுதான் முக்கியம். காலையில் எழுந்து, கழிப்பறை போய் வந்து, டீ குடிக்கும் முன் பார்க்க வேண்டும். பொதுக் கழிப்பறை வரிசையில் நின்றுவிட்டு வருகிறவர்கள் வீடு திரும்பியதும் முதல் வேலையாகப் பார்த்துவிடலாம். இரவு ஷிப்ட் போகிறவருக்குத் தூங்கி எழும் நேரம்தான் காலை. செருப்பில்லாமல், மெல்லிய உடையில், கெட்டியான சமதளத் தரையில் மெஷினை வைத்து ஏறுங்கள். பாய் மீதோ மேடுபள்ளமான சிமென்ட் மீதோ வைத்தால் எண் மாறும். வீட்டில் மெஷின் இல்லாவிட்டால், எப்போதும் ஒரே கிளினிக்கின் மெஷினில், அதே நேரத்தில் பாருங்கள். ரமலான் மாதத்தில் நோன்பு திறப்பதற்குச் சற்று முன் பார்த்துவிட்டு மகிழ வேண்டாம். அது உடம்பில் நீர் குறைந்த எடை.

ஒரு லிட்டர் தண்ணீர் குடித்தால் எடை ஒரு கிலோ கூடும். இரவு கருவாட்டுக் குழம்பும் ஊறுகாயும் அப்பளமும் சாப்பிட்டால், அந்த உப்பு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அது மறுநாள் காலை மெஷினில் தெரியும். மாதவிடாய்க்கு முந்தைய நாட்களில் பல பெண்களுக்கு ஒரு கிலோவுக்கு மேல்கூட ஏறும். இதில் எதுவும் கொழுப்பு அல்ல. ஒரு கிலோ கொழுப்பு சேர வேண்டுமானால் சுமார் 7,700 கலோரி மிச்சமாக வேண்டும். ஒரே இரவில் அது நடக்காது.

ஒரு நோட்டில் எழுதிப் பார்த்தால் இது புரியும். முதல் வாரம்: 78.4, 79.1, 78.9, 78.2, 78.6, 77.9, 78.3. சராசரி 78.5. இரண்டாம் வாரம்: 78.6, 78.3, 78.1, 77.8, 78.0, 77.6, 77.6. சராசரி 78.0. இரண்டு வாரங்களின் முதல் நாளை மட்டும் ஒப்பிட்டால் எடை கூடியிருக்கிறது. சராசரியைப் பார்த்தால் அரைக் கிலோ குறைந்திருக்கிறது, அதுவும் சரியான வேகத்தில். வாரம் அரை முதல் ஒரு கிலோ போதும். மாதம் ஒருமுறை டேப் எடுத்து இடுப்பையும் அளந்து பக்கத்தில் எழுதுங்கள். பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் ஆண்களுக்கு 90 சென்டிமீட்டரும் தாண்டினால் சர்க்கரை நோய்க்கும் இதய நோய்க்கும் வாய்ப்பு அதிகம்.

இந்த நீர்க் கணக்கு தெரியாதவர்களிடம்தான் ஏமாற்றுவது எளிது. எடைக் குறைப்பு மையத்தில் மாலையில் சாப்பாட்டுக்குப் பிறகு எடை பார்த்துச் சேர்த்துக்கொண்டு, அடுத்த முறை காலையில் வெறும் வயிற்றில் வரச் சொன்னால், எந்தச் சிகிச்சையும் இல்லாமலே ஒன்றரைக் கிலோ 'குறைந்துவிடும்'. "பத்து நாளில் பத்து கிலோ" என்கிற விளம்பரத்தையும் கணக்குப் போட்டுப் பாருங்கள். நாளொன்றுக்கு 7,700 கலோரி குறைய வேண்டும். பெரும்பாலோரின் உடம்பு ஒரு நாளில் செலவழிப்பதே அதில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போகாது.

சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத் தீர்வுகள் சட்டம், மருந்து கொடுத்துக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்யக் கூடாத நோய்களின் பட்டியலில் உடல் பருமனையும் சேர்த்திருக்கிறது. எடை குறைக்கும் என்று விற்கும் டப்பாவில் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண் இருந்தால், அது உணவுப் பொருளுக்கான உரிமம். மருந்து என்பதற்குச் சான்று அல்ல. 2025இல் இந்தியாவுக்கு வந்த எடைக் குறைப்பு ஊசிகளை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது. ஜிம்மில் கொடுத்தாலும் வாங்காதீர்கள். எடை மெஷினுக்கும் சட்டம் உண்டு. ஒருவரின் உடல்நலம் காக்கும் முடிவெடுக்கப் பயன்படும் எடைக் கருவியையும் 2009ஆம் ஆண்டின் சட்டமுறை எடையளவுச் சட்டம் தன் வரம்புக்குள் வைத்திருக்கிறது. முத்திரை இருக்கிறதா என்று கேட்பது உங்கள் உரிமை.

பணம் கட்டும்போது பில் வாங்குங்கள். என்ன வாக்குறுதி கொடுக்கிறார்களோ அதை எழுதி வாங்குங்கள். வாயால் சொன்னதை நிரூபிப்பது கஷ்டம். ஏமாந்தது தெரிந்தால் முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். தீரவில்லையென்றால் இ-ஜாக்ருதி இணையதளம் வழியாக மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். ஐந்து லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம்.

கர்ப்பிணிகளும் வளரும் பிள்ளைகளும் தாங்களாக எடையைக் குறைக்கக் கூடாது. எண் ஏறினால் பட்டினி கிடக்கத் தோன்றுகிறவர்கள் மெஷினைத் தள்ளி வைத்துவிட்டு 14416 என்ற டெலி-மானஸ் எண்ணில் பேசலாம், தமிழிலும் பேசுவார்கள். இதய நோயாளிக்கு இரண்டு மூன்று நாளில் இரண்டு கிலோ ஏறி, கால் வீங்கினால் அன்றே டாக்டரிடம் போக வேண்டும்.

இனி, முயற்சி இல்லாமல் இறங்கும் எடை. "நல்லா மெலிஞ்சிட்டியே" என்று பாராட்டி விட்டுவிடக் கூடாத விஷயம் இது. ஆறு மாதம் முதல் ஓராண்டுக்குள் எடையில் 5 சதவீதம் தானாகக் குறைந்தால், அதாவது 60 கிலோ இருந்தவர் 57 ஆனால், காரணம் தேட வேண்டும். சர்க்கரை நோயாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம். இருமல், மாலைக் காய்ச்சல், இரவு வியர்வை இவற்றில் ஒன்று சேர்ந்திருந்தாலும் காசநோய்ப் பரிசோதனையைத் தள்ளிப்போடக் கூடாது. காசநோய் மாத்திரையின் அளவே நோயாளியின் எடையை வைத்துத்தான் முடிவாகிறது. அதனால் சிகிச்சையில் இருப்பவர் ஒவ்வொரு மாதமும் எடை பார்த்துக் குறிக்கச் சொல்லிக் கேட்க வேண்டும். ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஆய்வில், சிகிச்சையின் முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் கூடியவர்களுக்கு மரண ஆபத்து 61 சதவீதம் குறைவாக இருந்தது. அவர்களுக்கு எடை ஏறுவதுதான் நல்ல செய்தி. சத்துணவுக்கென்று அரசு தரும் தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய். அது வங்கிக் கணக்கில் வர வேண்டும், வராவிட்டால் கேளுங்கள்.

கோவண்டி சதாப்தி மருத்துவமனைக்கோ பக்கத்திலுள்ள மாநகராட்சி மருந்தகத்துக்கோ போய்ச் சளிப் பரிசோதனை கேளுங்கள். அரசு மையங்களில் பரிசோதனையும் மருந்தும் இலவசம். காசநோய் உதவி எண் 1800-11-6666.