ஒரு கிலோ செயற்கைக்கோள் சொல்லும் பாடம்

2010 ஜூலை 12 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்ட பி.எஸ்.எல்.வி.-சி15 ராக்கெட், 'ஸ்டட்சாட்' என்ற சிறு செயற்கைக்கோளையும் சுமந்து சென்றது. பெங்களூரு, ஹைதராபாத் நகரங்களின் ஏழு பொறியியல் கல்லூரி மாணவர்கள் உருவாக்கிய அதன் எடை ஒரு கிலோவுக்கும் குறைவு.

விண்வெளிப் பொறியியல் வகுப்பில் கட்டமைப்பு, மின்னணுவியல், தகவல்தொடர்பு ஆகியவை தனித்தனிப் பாடங்கள். செயற்கைக்கோளிலோ அவை ஒன்றோடொன்று மோதும். கேமராவைப் பெரிதாக்கினால் மின்சாரம் போதாது. மின்கலத்தைக் கூட்டினால் எடை வரம்பு மீறும். ராக்கெட்டின் அதிர்வையும், வெற்றிடத்தில் மாறி மாறி வரும் வெப்பத்தையும் குளிரையும் கருவி தாங்குமா எனத் தரையிலேயே சோதித்தாக வேண்டும். ஏவிய பிறகு ஒரு திருகாணியைக்கூட முடுக்க இயலாது. தேர்வில் ஒரு பிழைக்குச் சில மதிப்பெண்கள் குறையும். இங்கே பல ஆண்டு உழைப்பே வீணாகிவிடும்.

எல்லாக் கல்லூரிகளாலும் செயற்கைக்கோள் செய்ய முடியாது. ஆனால், சிறிய விமான மாதிரியை வடிவமைத்து, காற்றுச் சுரங்கத்தில் சோதித்து, பறக்கவிட்டு, கணக்கும் நடைமுறையும் எங்கே வேறுபட்டன என்று மாணவர்களை ஆராயச் செய்யலாம். விலைக்கு வாங்கிய செயல்திட்டத்துக்கு இறுதியாண்டில் முழு மதிப்பெண் கிடைக்கும் நிலை நீடித்தால், இந்தப் பயிற்சி வேரூன்றாது. செய்முறைத் திட்டங்களை முதலாண்டிலேயே தொடங்க வேண்டும். பறக்காத மாதிரி ஏன் பறக்கவில்லை என்று சரியாக விளக்கும் மாணவருக்கும் உரிய மதிப்பெண் தரப்பட வேண்டும்.